பல்லேடியம் பிரிண்டுக்கு எந்தத் தாள்? பெங்களூர்த் தண்ணீரிலும் காற்றிலும் செய்த சோதனைகள்

பிளாட்டினம், பல்லேடியம் பிரிண்டில், அதாவது இந்த உலோகங்களின் உப்பைத் தாளில் பூசி, நெகட்டிவ் வைத்து ஒளிகாட்டி எடுக்கும் புகைப்படப் பிரதியில், படத்தைத் தாங்கிப் பிடிக்க ஜெலட்டின் அடுக்கு எதுவும் கிடையாது. உலோகம் நேராகப் பருத்தி இழைக்குள்ளேயே படிகிறது. அதனால் தாளில் ஒளிந்திருக்கும் சுண்ணாம்பும் இரும்புத் துகளும் சைசிங் (தாள் நீரை அதிகம் உறிஞ்சாமல் தடுக்கும் பசை) குறையும் அப்படியே படத்தில் வந்து நிற்கும். 8×10 அங்குலப் பிரிண்ட் ஒன்றுக்குச் சுமார் 1.2 மி.லி. பல்லேடியம் கரைசல் போகிறது. தாள் சரியில்லை என்றால் அவ்வளவும் சாக்கடைக்குத்தான்.

கடைக்குப் போகிறவர்கள் தாளை முதலில் தடவிப் பார்க்கிறார்கள், பிறகு நிறம் பார்க்கிறார்கள், வேதியியலைப் பற்றி வீட்டுக்கு வந்தபின் யோசிக்கிறார்கள். இந்த வேலைக்கு வரிசை நேர் எதிர். முதலில் சுண்ணாம்பு, அடுத்து இரும்பு, அடுத்து சைசிங், அடுத்து ஈரத்தில் தாளின் பலம். வழவழப்பும் நிறமும் இந்த நான்கிலும் தேறிய தாள்களுக்கு மட்டும் பார்க்க வேண்டியவை.

சுண்ணாம்பு

வில்லியம் வில்லிஸ் 1873-ல் பிளாட்டினம் முறைக்குக் காப்புரிமை வாங்கிய காலத்தில் தாளுக்குள் சுண்ணாம்பு சேர்க்கும் பழக்கம் இல்லை. பின்னாளில் ஓவியத் தாள் ஆலைகள் படிகாரம், ரோசின் சைசிங்கைக் கைவிட்டு, நடுநிலை சைசிங்குக்கு மாறின. கூடவே தாள் பல காலம் மஞ்சளாகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் என்ற இந்தச் சுண்ணாம்பையும் கலக்கத் தொடங்கின. நீர்வண்ணக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. நமக்கு அதுதான் முதல் எதிரி.

பல்லேடியத்தோடு கலந்து பூசும் ஒளியுணர் இரும்பு உப்பு ஃபெரிக் ஆக்சலேட். ஒளி பட்டால் அதன் இரும்பு ஃபெரஸ் ஆகும், அதுதான் பல்லேடியத்தை உலோகமாக்குகிறது. இந்த உப்பு அமிலத் தன்மை உள்ளது. கார்பனேட்டைத் தொட்டதும் அந்த அமிலம் செத்துப்போகிறது. இரும்பு ஹைட்ராக்சைடாக மாறித் துருப்போல இழைக்குள் இறங்குகிறது, ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகிறது. ஒளிபட்டு ஃபெரஸ் ஆகவேண்டிய இரும்பு குறைந்துவிடுவதால் கறுப்பு சாம்பலாக நிற்கும். துருவான இரும்பு கிளியரிங்கில் (மிச்ச இரும்பை நீக்கும் குளியலில்) வெளியேறாது, வெள்ளைப் பகுதி மஞ்சளாகவே இருக்கும். எக்ஸ்போஷரைக் கூட்டினாலும் டெவலப்பரைச் சூடாக்கினாலும் இந்த இரண்டும் தீராது.

ஆகவே அட்டையில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். அமிலம் இல்லை என்பதும் காரம் இல்லை என்பதும் ஒன்றல்ல. பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. ஆர்ஷ் பிளாட்டின் இந்த முறைக்கென்றே செய்த 310 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 310 கிராம்) தாள், அதில் சுண்ணாம்பு இல்லை. ஓவியப் பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆர்ஷ் அக்வரெல் அதே ஆலையின் நீர்வண்ணத் தாள், அதில் சுண்ணாம்பு உண்டு. ஃபேப்ரியானோ ஆர்டிஸ்டிகோவும் அப்படித்தான்.

சோதனைக்குத் தபால்தலை அளவுத் துண்டு போதும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு வைத்து லென்ஸில் பார்க்கவும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகரில் நுரைப்பது மிக மெதுவாக இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். கழிப்பறை கழுவும் மஞ்சள் ஆசிட் வேண்டவே வேண்டாம். அந்த மஞ்சளில் பெரும்பங்கு இரும்புதான். ஆய்வக ரக அமிலம் அரை லிட்டர் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும்.

நுரைக்காத தாளையும் உடனே நம்பிவிடக்கூடாது. மங்கிய பல்ப் வெளிச்சத்தில் ஒரு துண்டில் ஃபெரிக் ஆக்சலேட்டை மட்டும் தடவி, பத்து நிமிடம் உலரவிடவும். எலுமிச்சை மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பழுப்பாக மாறினால் காரம் இருக்கிறது. பிறகு அதை ஒளியில் காட்டாமலேயே கிளியரிங் குளியல்கள் வழியாகக் கொண்டுபோய், கழுவி, காயவைத்துத் தடவாத ஓரத்தோடு ஒப்பிடவும். ஈரத்தில் ஒப்பிடுவதில் பயனில்லை, லேசான மஞ்சள் காய்ந்த பிறகுதான் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு சொட்டு 1 சதவீத பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஒரு சொட்டு நீர்த்த அமிலமும் வைக்கலாம். நீலம் பூத்தால் ஃபெரிக் இரும்பு உள்ளே மிச்சம் இருக்கிறது. இவ்வளவுக்கும் பல்லேடியம் ஒரு சொட்டுகூடச் செலவில்லை.

அமிலக் குளியல்

சுண்ணாம்பு உள்ள தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதை வெளியேற்றலாம். எந்த அமிலத்தால் என்பதுதான் கேள்வி. ஆக்சாலிக் அமிலம் எப்படியும் அறையில் இருக்கும் என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். அது சுண்ணாம்பைக் கரைப்பது உண்மை, ஆனால் விளையும் கால்சியம் ஆக்சலேட் கரையாமல் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடும். சிட்ரிக் அமிலத்திலும் ஓரளவு இதே குறை. சல்ஃபாமிக் அமிலத்தில் உண்டாகும் கால்சியம் உப்பு நீரில் நன்றாகக் கரையும், புகையோ வாடையோ கிடையாது, தூளாக வருவதால் அளப்பதும் எளிது. உப்புக்கறை நீக்கும் பவுடர்கள் சிலவற்றில் இதே அமிலம் இருக்கிறது என்றாலும் அவற்றில் சாயமும் வேறு சரக்குகளும் கலந்திருக்கும். ஆய்வக ரகமே வாங்கவும்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 56×76 செ.மீ. முழுத் தாள், 300 ஜி.எஸ்.எம். என்றால் எடை சுமார் 128 கிராம். அதில் 3 சதவீதம் கார்பனேட் என்று வைத்தால் 3.8 கிராம். அதைக் கரைக்க ஏறக்குறைய 7.5 கிராம் சல்ஃபாமிக் அமிலம் செலவாகும். 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கரைத்த குளியலில் பத்து முழுத் தாள் போட்டால் 75 கிராம் தீர்ந்திருக்கும். அதோடு நிறுத்தி, புதிதாகக் கரைப்பது நல்லது. அமிலம் மிச்சம் இருக்கும், ஆனால் வேகம் குறைந்து கடைசித் தாள்களின் நடுப்பகுதியில் சுண்ணாம்பு தங்கிவிடும். கரைசலைச் சூடாக்கவோ மாதக்கணக்கில் வைத்திருக்கவோ கூடாது. தண்ணீரில் இது மெல்லச் சிதையும், சூட்டில் இன்னும் விரைவாக.

தாளின் அச்சுப் பக்கத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு இறக்கவும். நனைந்தபின் எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளாக இறக்கி, குமிழ்களைக் கையுறை விரலால் தள்ளிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தாளை மேலே கொண்டுவர வேண்டும். 250 ஜி.எஸ்.எம். தாளுக்கு 20 நிமிடம், 300-க்கு மேல் அரை மணி நேரம். குமிழ் நின்ற பிறகும் ஐந்து நிமிடம் கூட வைக்கலாம். அதன்பின் பத்து பத்து நிமிடமாக மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும்.

அந்தத் தண்ணீரில்தான் பெங்களூர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் பெரிய தொல்லை இல்லை. போர்வெல்லோ டேங்கரோ என்றால் பெரும்பாலும் கடின நீர். அதிலுள்ள பைகார்பனேட் தாள் காயும்போது கார்பனேட்டாகத் திரும்பவும் படியும், செய்த வேலை பாதி வீண். முதல் இரண்டு கழுவலுக்கு எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசிக் கழுவல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். காய்ந்ததும் ஒரு மூலையைக் கிழித்து மறுபடி அமிலச் சொட்டுச் சோதனை செய்யவும். கனமான தாளைக் குறுக்கே கிழித்து, கிழிந்த விளிம்பில் சொட்டு வைத்தால் நடுவில் மிச்சம் இருப்பதும் தெரிந்துவிடும்.

ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற தாள்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் உழைக்க மனமில்லாதவர்கள் சுண்ணாம்பில்லாத தாளையே வாங்கலாம். ஆர்ஷ் பிளாட்டின், ஹானமூலே பிளாட்டினம் ராக் (300 ஜி.எஸ்.எம்.), பெர்கே காட் 320 மூன்றும் முழுப் பருத்தி, மூன்றிலும் சுண்ணாம்பு இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஹானமூலேயைச் சொல்வோம். ஈரத்தில் தாங்குகிறது, இரும்பு எளிதாக வெளியேறுகிறது. படம் கெட்டால் காரணத்தைத் தாளுக்கு வெளியே தேடலாம், கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அது பெரிய நிம்மதி.

கைத்தாள்: இரும்பும் வெண்மையூட்டியும்

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள், கர்நாடகத்திலேயே தயாராகும் காதித் தாள் இவையெல்லாம் அருகில் கிடைக்கும்போது இறக்குமதித் தாளுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பருத்திக் கந்தலில் செய்த கைத்தாளில் நீண்ட இழை, நல்ல பலம், அழகான விளிம்பு. ஆனால் கலைக்கடையில் ‘கைத்தாள்’ என்ற ஒரே பெயரில் பல ஆலைகளின் சரக்கு கலந்து கிடக்கும். சிலவற்றில் சுண்ணாம்பு இருக்கும், சிலவற்றில் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, சொட்டு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பைவிடத் தொல்லை தருவது இரும்புத் துகள். கந்தலை அரைக்கும் பீட்டரின் கத்திகள் தேயும்போது நுண்ணிய இரும்பு கூழில் கலக்கிறது. உலோக இரும்பு பட்ட இடத்தில் பல்லேடியம் ஒளியில்லாமலேயே உலோகமாகிவிடும். வானத்தின் நடுவே ஒளிவட்டம் சூழ்ந்த கறுப்புப் புள்ளியாக அது தெரியும். இதைக் கிளியரிங்கில் எடுக்க முடியாது. தாளின் ஒரு கீற்றில் நீர்த்த அமிலத்தைத் தடவி, சில நிமிடம் கழித்து 1 சதவீத ஃபெரோசயனைடைப் பூசினால் இரும்பு உள்ள இடமெல்லாம் நீலப் புள்ளியாக எழும். உள்ளங்கை அளவுக்கு ஒன்றிரண்டு புள்ளி என்றால் சகித்துக்கொள்ளலாம். மணல் தூவியதுபோல் வந்தால் அந்தக் கட்டுத் தாளை சயனோடைப் (இரும்பு உப்பால் எடுக்கும் நீல நிறப் பிரிண்ட்) வேலைக்கும் எடுக்காதீர்கள், கடிதம் எழுதலாம்.

இரண்டாவது, வெண்மையூட்டிகள். கைத்தாளுக்கான மூலப்பொருளில் திருப்பூர் போன்ற ஊர்களின் பனியன் கட்டிங் கழிவும் சேர்வதுண்டு. வெள்ளைத் துணியில் ஏற்கெனவே ஒளிரும் சாயம் ஏற்றியிருப்பார்கள், அது தாளோடு வந்துவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் வாங்கி இருட்டில் அடித்துப் பார்த்தால், வெண்மையூட்டி உள்ள இழைகள் நீலமாக மின்னும். இந்தச் சாயம் காலப்போக்கில் மங்கும். நூற்றாண்டு தாங்கும் உலோகப் படத்தை நிறம் மாறும் தாளில் ஏற்றுவது பொருத்தமாக இல்லை. சோதனை பிரிண்டுகளுக்குப் பரவாயில்லை.

சைசிங்கும் கோட்டிங்கும்

8×10-க்கு அளவு: ஃபெரிக் ஆக்சலேட் 24 சொட்டு, பல்லேடியம் 24 சொட்டு. 20 சொட்டு ஒரு மி.லி. என்றால் மொத்தம் 2.4 மி.லி. இது தூரிகைக்கான கணக்கு. கண்ணாடிக் கம்பியால் கோட்டிங் செய்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் தாள் வழவழப்பாகவும் நன்றாக சைஸ் ஆனதாகவும் இருந்தால் மட்டும். கைத்தாளின் மேடுபள்ளத்தில் கம்பி பள்ளங்களைத் தொடாமலே போய்விடும். தூரிகையின் முடி செயற்கை இழையாக இருக்கட்டும், துரு ஏறும் உலோகப் பட்டை உள்ளது கூடாது. முதலில் தூரிகையைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டால் அது கரைசலைக் குடிக்காது.

பூசியபின் பளபளப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். சில நொடிகளிலேயே மங்கினால் கரைசல் ஆழத்துக்குப் போய்விட்டது. கறுப்பு வலுவிழந்து, இழை இழையாகத் தெரியும் படம் வரும். ஐந்து நிமிடமாகியும் குளம்போல் நின்றாலோ முத்து முத்தாகத் திரண்டாலோ சைசிங் அதிகம். ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் பளபளப்பு தானாக அடங்குவது சரியான நிலை.

திரள்கிற தாளுக்கு, கரைசலைத் தாளுக்குள் இறங்கச் செய்யும் ட்வீன் 20 என்ற ஈரமூட்டி உதவும். 5 சதவீதக் கரைசலில் இரண்டு சொட்டு, மேலே சொன்ன 2.4 மி.லி.க்குப் போதும். நன்றாக உறிஞ்சுகிற தாளில் இதைச் சேர்த்தால் எதிர்விளைவுதான், இன்னும் ஆழத்துக்கு இறங்கும். ‘எல்லாக் கோட்டிங்கிலும் ஒரு சொட்டு’ என்ற வழக்கம் அதனால்தான் சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குக் காலை வாருகிறது.

உறிஞ்சும் தாளுக்கு ஜெலட்டினோ ஆரோரூட்டோ வேண்டும். ஜெலட்டின் 20 கிராமை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, 45 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்து, தாளை இரண்டு நிமிடம் முக்கிக் கொடியில் தொங்கவிடவும். கீழ் விளிம்பில் சேரும் தடிப்பைத் துடைத்துவிட வேண்டும். ஆரோரூட் என்றால் 20 கிராமைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் ஒரு லிட்டர் நீரில் ஊற்றி, கட்டி சேராமல் சில நிமிடம் கிளறி, ஆறியபின் பஞ்சால் தடவலாம். படம் ஜெலட்டினைவிடச் சற்று மங்கலான, தூள் பூசிய மாதிரியான மேற்பரப்போடு வரும். கைத்தாளுக்கு எங்களுக்குப் பிடித்தது இதுதான். மளிகைக் கடை ஆரோரூட்டில் மரவள்ளி மாவோ சோள மாவோ கலந்திருப்பது உண்டு, அவை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

காம்பி, கோஸோ போன்ற மெல்லிய ஜப்பானியத் தாள்களுக்கு சைசிங் செய்யாமலும் அச்சிடலாம். அவற்றை மைலார் (பாலியெஸ்டர்) தகட்டின்மேல் வைத்தே எல்லாக் குளியலுக்கும் கொண்டுபோக வேண்டும். வெறும் கையால் தூக்கினால் கிழியும்.

ஈரப்பதம்

பெங்களூரின் மார்ச் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். மழைக்காலக் காலைகளில் 80-ஐத் தாண்டும். ஒரே கட்டுத் தாள் இந்த இரண்டு நாளிலும் இரண்டு வெவ்வேறு தாளாக நடந்துகொள்ளும். உலர்ந்த தாளில் கறுப்பு எழாது, நடுத்தொனி குருணை குருணையாக வரும். ஈரம் மிகுந்தால் நிழல் விவரம் கரையும், நெகட்டிவ் ஒட்டிக்கொண்டு கறைபடும். தாள் மோசம் என்று பழி சுமத்துவதற்கு முன் ஈரமானியைப் பார்க்கவும்.

55 சதவீத அளவுக்குத் தாளை நிறுத்த எளிய வழி உப்புக் கரைசல். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஒரு தட்டு, அதில் மெக்னீசியம் நைட்ரேட்டைக் கூழ்போல் தண்ணீர் விட்டு வைத்தால், 25 டிகிரியில் பெட்டிக்குள் சுமார் 53 சதவீதம் நிலைக்கும். சாதாரண உப்பு 75 சதவீதத்துக்குக் கொண்டுபோகும், அது அதிகம். தட்டின்மேல் வலை வைத்துத் தாளை அடுக்கி இரவு முழுக்க விடவும். கோட்டிங் செய்து, குளிர் காற்றில் மேற்பரப்பு ஈரம் போனபின் மீண்டும் அரை மணி நேரம் அதே பெட்டியில் வைத்தால் எல்லாப் பருவத்திலும் ஒரே எக்ஸ்போஷர் செல்லும். 320 ஜி.எஸ்.எம். தாளுக்கு மெல்லிய தாளைவிட நேரம் கூடுதலாக வேண்டும். நெகட்டிவைக் காக்க நடுவில் 12 மைக்ரான் மைலார் போடலாம்.

டெவலப்பரும் கிளியரிங்கும்

பொட்டாசியம் ஆக்சலேட் லிட்டருக்கு 300 கிராம், ஆர்.ஓ. நீரில் மட்டும். கடின நீரில் கரைத்தால் கால்சியம் ஆக்சலேட் வெண்படலமாகப் படிந்து, கறுப்பின்மேல் மாவு தூவியதுபோல் நிற்கும். 35 டிகிரிக்குச் சூடாக்கி ஒரே வீச்சில் ஊற்றவும். தயங்கி ஊற்றினால் கோடு விழும், எந்தத் தாளானாலும் அந்தக் கோட்டை மறைக்க முடியாது. ஆக்சலேட் நஞ்சு, பிளாட்டினம் உப்புகள் ஒவ்வாமை தரும். கையுறை கழற்றாமல் வேலை செய்யவும்.

டெவலப்பரிலிருந்து எடுத்ததும் குழாயடியில் அலசக்கூடாது. காரத் தன்மையுள்ள தண்ணீர் பட்டால் மிச்ச இரும்பு அங்கேயே துருவாகப் பிடித்துக்கொள்ளும், நல்ல தாள்கூட மஞ்சளாகும். நேராக, இரும்பைப் பிடித்து வெளியேற்றும் உப்பான டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 5 சதவீதத்தில் 15 நிமிடம், அடுத்து சோடியம் சல்ஃபைட் 2.5 சதவீதத்தில் 15 நிமிடம், கடைசியில் டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. 5 சதவீதத்தில் 15 நிமிடம். அமிலத்தன்மையுள்ளது முதலில், காரமானது கடைசியில் என்ற இந்த வரிசையை மாற்றக்கூடாது. பிறகு அரை மணி நேரம் ஓடும் நீரில் கழுவலாம், அப்போது போர்வெல் தண்ணீரானாலும் கேடில்லை. இந்த 75 நிமிட நனைவைத் தாங்காமல் மேற்பரப்பு பஞ்சாகப் பிரிகிற தாள் மற்றச் சோதனைகளில் எவ்வளவு நன்றாக வந்தாலும் பெரிய பிரிண்டுக்கு ஆகாது.

இரண்டு தாளை ஒப்பிட

21 படி ஸ்டௌஃபர் வெட்ஜ் (படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் துண்டு) ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு படியும் 0.15 அடர்த்தி. இரண்டு தாளையும் ஒரே பெட்டியில் ஈரப்படுத்தி, ஒரே கலவையால் பூசி, ஒரே நேரம் எக்ஸ்போஸ் செய்து, ஒன்றாகவே டெவலப் செய்யவும். பக்கத்துப் படியிலிருந்து பிரித்தறிய முடியாத முதல் கறுப்பு எது, தாள் வெள்ளையிலிருந்து பிரியும் கடைசிப் படி எது என்று இரண்டையும் மறுநாள் காய்ந்தபின் எண்ணவும். காயும்போது கறுப்பு ஆழம் இழக்கும், ஈரத்தில் எண்ணினால் எல்லாத் தாளும் அழகுதான். கறுப்பு ஒரே படியில் நின்று, ஆனால் ஒன்று மட்டும் வெளிறித் தெரிந்தால் அந்தத் தாளில் சைசிங்கைப் பாருங்கள். கறுப்பே ஒன்றிரண்டு படி தள்ளிப்போனால் தாளின் வேகம் குறைவு, எக்ஸ்போஷரைக் கூட்டினால் தீரும். வெள்ளைப் பக்கப் படிகள் மஞ்சளில் மூழ்கினால் சுண்ணாம்புச் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

தாளின் பின்புறத்தில் கட்டு எண், அச்சுப் பக்கம், ஈரப்பதம், அமிலக் குளியல் நேரம் நான்கையும் பென்சிலில் எழுதி வைக்கவும். ஒரே பெயருள்ள தாளே கட்டுக்குக் கட்டு மாறுவதுண்டு. ஒரு தொடருக்கு எத்தனை தாள் தேவை என்று கணக்கிட்டு, கால் பங்கு கூடுதலாக ஒரே கட்டிலிருந்து வாங்கிவிடுவது உத்தமம். புதிய கட்டு வந்தால் அமிலச் சொட்டு, ஃபெரிக் ஆக்சலேட் துண்டு, ஒரு வெட்ஜ் மூன்றும் முடிந்தபின்தான் நெகட்டிவை எடுக்க வேண்டும்.